தகராறு இல்லாத செய்தி

ஜேடர்பாளையம் பகுதி நிருபர் சென்னியப்பன் வெட்டுக்குத்துச் செய்தி எழுத, வெட்டு நடந்த இடத்துக்குப் போனதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வெட்டினால் முன்விரோதம், பங்காளி வெட்டினால் சொத்துத் தகராறு, புருஷன் வெட்டினால் குடும்பத் தகராறு. மூன்றும் செல்போனில் தயாராக இருந்தன. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். ஆம்புலன்சை முந்தும் நிருபர் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொன்னதில்லை.

மதன் தன் மனைவி சௌந்தர்யாவை அரிவாளால் வெட்டிய செய்தியும் அப்படித்தான் சேலத்திலுள்ள பத்திரிகை அலுவலகத்துக்குப் போனது. மாலையில் படம் எடுக்க மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். தோள் முழுக்கக் கட்டோடு அவள் படுத்திருந்தாள்.

"என்ன தகராறு அம்மிணி?" ஏற்கனவே எழுதி அனுப்பியதை முறைக்குக் கேட்டுவைத்தார்.

"தகராறுங்களா? குனிஞ்சு சோறு போட்டுட்டு இருந்தேனுங்ணா. பொறத்தாலிருந்து வெட்டுனாரு." அவரை உற்றுப் பார்த்தாள். "தகராறுன்னு போட்டுட்டீங்களா?"

சென்னியப்பன் கேமராவைத் துடைத்தார்.

"அவரோட மாமன் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்துட்டு வருவாரு. 'ரெண்டு பேரு மேலயும் தப்பு, பேப்பர்லயே போட்டிருக்குது'ன்னு பஞ்சாயத்துல ராசி பேசி, சமாதானமாப் போன்னு அந்த ஊட்டுக்கே அனுப்பிப் போடுவாங்க. புருஷன் வெட்டுன நம்ம ராமாயிக்கு அப்படித்தான ஆச்சு?"

ராமாயி செய்தியை எழுதியதும் அவர்தான், அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். நிருபர் வேலை பெருமைக்கு. சோறு போடுவது ஜெராக்ஸ் கடை. அன்று அத்தனை பிரதி போனதும், தன் எழுத்துக்கு ஊரில் மவுசு என்று நினைத்திருந்தார்.

வராந்தாவுக்கு வந்து செய்திப் பிரிவை அழைத்தார்.

"ஏனுங்க, அந்தத் தகராறை எடுத்துருங்க. சோறு போட்டுட்டு இருந்தவளைப் பின்னாலிருந்து வெட்டினான்னு போடுங்க."

"காரணம்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா? உங்களுக்கா?" மறுமுனையில் சிரிப்பு. "ஊர்ல எவன் எவனை வெட்டினாலும் காரணம் அனுப்பறது நீங்கதான சார்!"

காலையில் மதனின் மாமன் சின்னண்ணன் பேப்பரோடு கடைக்கு வந்தார். "நல்லா கருப்பா எடு சாமி" என்றபடி கண்ணாடியை மாட்டிச் செய்தியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஏப்பா, இதுல தகராறே காணோமே?"

"இல்லீங்க."

"அப்புறம் இதை வெச்சு என்னத்த ராசி பேசறது? எழுதத் தெரியலீன்னா ஜெராக்ஸோட நிறுத்திக்க!"

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனை நாள் எழுதியதற்குச் சென்னியப்பனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு இது. வெளியே சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் சொல்லலாம் என்று கடையைச் சாத்தினார்.