குலுக்காமல் விழுந்த கியர்

அந்த டிராக்டரில் கியர் போடுவது என்றால் சும்மாவா? கம்பியை ஒரு குலுக்கு, இடது பக்கம் ஒரு இழுப்பு, முழங்காலால் ஒரு தட்டு, கடைசியாக ஒரு அதட்டல். அந்தக் கூத்து ஒருத்தனுக்குத்தான் வரும். ஊரே அவனைக் குலுக்கி என்றுதான் கூப்பிட்டது, அவனுக்கும் அதில் ஏகப் பெருமை. பெண்டாட்டி லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவள். அந்த வண்டியை ஒரே ஒருதரம் ஓட்டிவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கொள்ளை ஆசை. கேட்டால், "உனக்கு வராதுடி" என்பான். பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு!

அன்றைக்கு அவன் என்ன குலுக்கியும் கியர் விழவில்லை. அவளுடைய மாமனார் சட்டென்று வண்டியை எடைக்குப் போட்டுவிடப் பழைய இரும்புக்காரரை வரவழைத்துவிட்டார்.

"மாமா, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. ஓடலேன்னா குடுத்துடுங்க" என்று கெஞ்சினாள்.

கியர் பெட்டி மூடியைக் கழற்றினாள், சிரிப்பை அடக்க முடியவில்லை. கியர் கம்பிகளைக் கோக்கிற ஓட்டைகளெல்லாம் தேய்ந்து முட்டை மாதிரி நீண்டிருந்தன. பின்கள் பாதியாக மெலிந்திருந்தன.

"இந்த ஓட்டைக்குத்தானா இத்தனை ஆட்டம் ஆடினீங்க?"

ஓட்டைகளை வட்டமாகக் கடைந்து, உள்ளே பித்தளை வளையம் இறக்கி, புதுப் பின்களைப் போட்டாள். கம்பியில் துளி ஆட்டம் இல்லை.

குலுக்கி ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தான். குலுக்கு, இழுப்பு, தட்டு, அதட்டல். கிளட்சை விட்டான். ஐயோ! வண்டி படக்கென்று பின்னால் பாய்ந்தது. இரும்புக்காரர் துள்ளி விலகினார். அவருடைய தராசு சக்கரத்தடியில் சப்பையாகிவிட்டது.

"என் தராசு!" என்று அலறினார்.

"போதும்யா, ஓட்டிட்டுப் போ இந்தச் சனியனை" என்றார் மாமனார் அவரிடம்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. பழைய பழக்கத்துல இவரு இழுத்த இழுப்புக்கு நேரா ரிவர்ஸ்ல போய் விழுந்துடுச்சு. ஏங்க, இறங்குங்க!"

ஏறினாள். கம்பியைச் சும்மா தள்ளினாள். டக். வண்டி முன்னால் நகர்ந்தது! களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமனாரும் விழுந்து விழுந்து சிரித்தபடி இரும்புக்காரரிடம் தராசைக் காட்டினார்: "இன்னிக்கு உமக்கு இந்த இரும்புதான்யா."

குலுக்கி கூடவே ஓடிவந்தான். "எப்படிடி போட்ட?"

"தள்ளினேன், விழுந்துச்சு."

"அவ்வளவுதானா?" அவன் முகம் தொங்கிப்போயிற்று.

பார்க்கப் பாவமாக இருந்தது. வண்டியை நிறுத்தி, பக்கத்து மட்கார்டைத் தட்டிக் காட்டினாள்.

"ஏறி உக்காருங்க. உங்களுக்கும் வரும்."