சித்தூர் போர்டுக்கு வந்த பரீட்சை

2011 மாம்பழ சீசனுக்கு முன்னால், சித்தூரில் தாமோதரன் நடத்திவந்த மாம்பழக்கூழ் கம்பெனிக்கு ஹாலந்திலிருந்து கடிதம் வந்தது. பங்கு வாங்கத் தயார். ஆனால் கம்பெனியின் போர்டு ஒழுங்காக இயங்குகிறதா என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போர்டில் தாமோதரனைத் தவிர மூன்று பேர். மனைவி கமலம்மா, மைத்துனர் சிட்டிபாபு, ஓய்வுபெற்ற தாசில்தார் கோவர்த்தனன். மீட்டிங்கில் தாமோதரன் பேசுவார். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

மதிப்பீடு செய்யச் சென்னையிலிருந்து சிவசங்கரி வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு கேள்விகளை அவள் முன்கூட்டியே அனுப்பியிருந்தாள். தாமோதரன் எல்லாவற்றுக்கும் தானே விடை எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுத்தார்.

“மனப்பாடம் பண்ணிக்கினு வாங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது.”

சிவசங்கரி ஒவ்வொருவரையும் தனியறையில் பார்த்தாள். சொல்வது எதுவும் வெளியே போகாது என்று உறுதி கொடுத்தாள். முதலில் வந்த கோவர்த்தனன், அவள் வாயைத் திறக்குமுன் பன்னிரண்டு விடைகளையும் ஒப்பித்துவிட்டுக் கும்பிட்டார். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுத்து வந்த சிட்டிபாபுவிடம் கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டாள்.

“தலைவர் சொன்னதை நீங்க எப்பவாவது மறுத்திருக்கீங்களா?”

“வருஷத்துக்கு நாலு தடவை.”

“போர்டு எத்தனை தடவை கூடுது?”

“மிகவும் திருப்திகரம்.”

சிட்டிபாபு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “நீங்க வரிசை தப்பிக் கேக்கிறீங்கம்மா.”

கமலம்மாவிடம் விடைத்தாளே இல்லை. திருப்பதியில் படிக்கும் மகள் ரேகாவுக்கு அதில்தான் வேர்க்கடலை கட்டி அனுப்பியிருந்தாள்.

“பரவாயில்லைம்மா. தலைவர் முடிவை யாராவது எதிர்த்தாங்களா?”

“நான்தான். பலமனேர்ல ரெண்டாவது ஃபேக்டரி வாணாம், அங்க தண்ணி இல்லன்னேன். மூணு நாள் எங்கூடப் பேசல. அப்பால போர்வெல் போட்டாரு. புழுதிதான் வந்துச்சு. வுட்டுட்டாரு.”

“மினிட்ஸ்ல ஒண்ணும் இல்லையே.”

“சோறு துன்னும்போது சொன்னது. அத்த யாரு எழுதிக்கினு இருப்பாங்க?”

மறுநாள் மீட்டிங்கிலும் சிவசங்கரி ஓரமாக உட்கார்ந்து கவனித்தாள். பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. ‘இந்த போர்டில் சுயமாகச் சிந்திப்பவர் கமலம்மா ஒருவரே. முக்கியமான விவாதங்கள் சாப்பாட்டு நேரத்தில் நடக்கின்றன. அவை போர்டு அறையில் நடந்து, பதிவாக வேண்டும்.’

தாமோதரன் அதை இரண்டு தடவை படித்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்ன?”

“அத்த வெளிய சொல்லக்கூடாதாமுங்க.”

அறிக்கை சொன்னபடி செய்தால் பங்கு வாங்குவதாக ஹாலந்துக்காரர்கள் எழுதினார்கள். தாமோதரன் நெடுநேரம் யோசித்து, சாப்பாட்டையே போர்டு அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் இலை போட்டிருந்தது. குறிப்பெடுக்க ஆபீஸ் கன்னியம்மாள் நோட்டோடு உட்கார்ந்தாள்.

“புது மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்” என்றார் தாமோதரன்.

“பழசுல மோட்டார் மாத்துனா போதுங்க” என்றாள் கமலம்மா, அவருக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே.

கோவர்த்தனன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். ஏழு வருடத்தில் முதல்முறையாக, “எனக்கும் அப்படித்தான் படுது” என்றார்.

ஓட்டெடுப்பு நடந்தது. மோட்டாருக்கு மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றும் இடது கை. வலது கைகள் சோற்றில் இருந்தன. தாமோதரன் அந்தக் கைகளை எண்ணினார்.

“எழுதிக்கோம்மா” என்று கன்னியம்மாளிடம் சொல்லிவிட்டு, ரசம் கேட்டார்.