பழி விழுந்த மெத்தை

வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போகும் வீட்டிலெல்லாம், "கூட வந்த புத்தகத்தைப் படிக்க மாட்டீங்களா?" என்று எரிந்துவிழும் மனுஷன், தன் முடி வளரும் மாத்திரையோடு வந்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்கு மாதமாகப் படுக்கையில் ஒன்றும் நடக்கவில்லை. மெத்தை சரியில்லை என்றார். புது மெத்தை வந்தது. அடுத்து மனைவியின் குறட்டை மேல் பழி போட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அலுத்துப்போனவள், மாத்திரை டப்பாவைக் குடைந்து அந்தத் தாளை எடுத்தாள்.

"'சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையலாம், டாக்டரைப் பார்க்கவும்.' எவ்வளவு தெளிவா அச்சடிச்சிருக்கான், பாருங்க!"

அவர் கண்ணாடியைவிட்டு நகராமல் தலை வாரினார். "நிறுத்தினா முடி கொட்டிடுமேடி."

"வழுக்கையோடதானே உங்களைக் கட்டிக்கிட்டேன்?" அவர் தலையணையைத் தூக்கிக் கண்ணாடியடியில் எறிந்தாள். "யாருக்காக வளர்க்கிறீங்களோ, அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிறவரோடவே படுத்துக்கோங்க."