தற்காலிக அடக்கம்

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு வலது கையின் பொத்தானை மகள் மாட்டப் போனபோதுதான் அரசு அலுவலகக் குமாஸ்தாவும் பாதிரியாரும் சேர்ந்தாற்போல் வாசலில் வந்து நின்றார்கள். பதினோரு வருஷமாக இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எழுந்தாள்.

அப்பா காலையில்தான் போனார். வேலை மேசையில் காப்பியைக் குடித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அவர் ரப்பர் முத்திரை செய்கிறவர். அலுவலகத்தின் 'பெறப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது', கோயிலின் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாமே அவர் வெட்டிய எழுத்து. பிளேடால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பு சரியா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். ரப்பரோடு விரலும் சேர்ந்து தேய்ந்தது. கடைசிவரை அவருடைய கைபேசி அவரை அடையாளம் கண்டுகொள்ளவேயில்லை. மகள்தான் எண்களைத் தட்டித் திறந்து கொடுப்பாள்.

பதினோரு வருஷம் முன்பு அரசாங்கம் ஊரில் நாற்பது குடும்பங்களைப் பட்டியல் போட்டது. அவர்களுடைய கோப்புகளில் குத்த 'நம்பத்தகாதவர்' என்று ஒரு முத்திரை வேண்டும் என்றார்கள். கோயில் பதிவேட்டுக்கும் அதேபோல் ஒன்று. அப்பா முடியாது என்றார். ஒரு தடவை செய்து கொடுத்தால் ஆயிரம் தடவை குத்துவீர்கள், ஆயிரம் தடவையும் அது என் கைதான் என்றார். அத்தோடு அலுவலக வேலையும் போயிற்று, கோயிலில் வாங்கும் நற்கருணையும் போயிற்று. முத்திரை வெளியூரிலிருந்து வந்தது. நாற்பத்தோராவதாக அவருடைய கோப்பிலேயே குத்திக் காட்டினார்கள். எழுத்து கோணலாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு குறை சொல்லிவிட்டு வந்தார் மனுஷர்.

இப்போது சிக்கல் அதுதான். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று விட்டுவைத்த இடம் கோயிலுடையது. அடக்கம் செய்யும் அனுமதி அலுவலகத்துடையது. நம்பத்தகாதவருக்கு இரண்டும் கிடையாது. ஊருக்கு வெளியே குப்பைமேட்டுக்குப் பின்னால்தான் இடம். 'செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று ஒரு கடிதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்கள். மகள் அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"போட்டுத் தொலைடி. போனவனுக்கு என்ன ரோஷம்? உங்கம்மா அங்க தனியா கெடக்கா" என்றாள் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே.

அம்மா என்றதும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. ஆறு வருஷமாக அந்தக் காலி இடத்தில் அப்பாதான் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்து கடிதத்தின் மேல் குனிந்தாள். அப்பாவின் நெஞ்சின்மேல் கட்டைவிரல் வழவழவென்று கிடந்தது. பேனாவை மூடினாள்.

"தப்பு பண்ணது அவருதானே சார். அவரே கைநாட்டு வைக்கட்டும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றைய தேதி போட்டுக்கொண்டால் தப்பில்லை என்றார் குமாஸ்தா. ஆத்மா இன்னும் பக்கத்தில்தான் இருக்கும் என்றார் பாதிரியார். பாதிரியார் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ள, குமாஸ்தா அவருடைய கட்டைவிரலை மையில் தோய்த்துக் கடிதத்தில் அழுத்தினார். நீலமாக ஒரு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான். கோடு ஒன்றுகூட இல்லை. மறுபடி வைத்தார்கள், வட்டம். பாதிரியார் பிடித்துக்கொள்வதை விட்டுவிட்டுத் தானே அழுத்திப் பார்த்தார். குமாஸ்தா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் வட்டம்தான். மறுபடி இடம் மாறிக்கொண்டார்கள், வட்டம். இடது விரலிலும் அதே கதை. அவர் இரண்டு கையாலும் வேலை செய்தவர். மை மட்டும் இரண்டு பேர் விரலிலும் நன்றாக ஏறிக்கொண்டது.

"ரேகையே விழலையேம்மா" என்றார் குமாஸ்தா.

"எனக்கென்ன சார் தெரியும்" என்றாள் மகள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் பையிலிருந்து ஒரு பழைய முத்திரையை எடுத்துக் குத்தினார். 'ரேகை தெளிவில்லை.' எழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்தது. வெட்டியது யார் என்று யாரும் பேச்செடுக்கவில்லை.

இந்த முத்திரை விழுந்த கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டும், பதில் வரும்வரை எதையும் மறுக்கமுடியாது, தற்காலிகமாக அடக்கம் செய்யலாம் என்று விதி சொன்னது. அரசாங்கமே காத்திருக்கும்போது கோயில் மட்டும் என்ன அவசரப்படுவது என்றார் பாதிரியார். அவருக்கும் போனால் போதும் என்றிருந்தது.

"தற்காலிகம்னா, பதில் வந்ததும் எந்திரிச்சு வரணுமா?" என்று கேட்டாள் அத்தை.

அதற்கு விதி இல்லை என்றார் குமாஸ்தா. அம்மாவின் இறப்புச் சான்றிதழே தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்பது மகளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக அழுதாள்.

மாலையில் பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக அவள் குனிந்தபோதுதான் பார்த்தாள். அப்பாவின் வலது சட்டைக் கையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டைவிரல் ரேகைகள். நீலத்தில், கோடு கோடாக, அத்தனை தெளிவாக இருந்தன. எதிரே நின்ற குமாஸ்தாவும் பார்த்துவிட்டார். பாதிரியார் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேட ஆரம்பித்தார்.

"வேற சட்டை இருந்தா மாத்திடலாமேம்மா" என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி.

"இருக்கட்டும் சார்."

காலையில் பாதியில் விட்ட பொத்தானை மாட்டினாள்.