ஏழாம் நம்பர் லயம்

லிந்துலையைத் தாண்டி அந்தத் தோட்டத்தில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கஜேந்திரனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அம்மா வேலை செய்த தோட்டத்தைத் தேடி இரண்டு நாளில் இது மூன்றாவது. கோத்தகிரியில் புறப்பட்டபோது இருந்த தெம்பு கொழும்பிலேயே தீர்ந்திருந்தது. தங்கை பூரணிதான் விடவில்லை.

ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன் அப்பா சிவசாமி இந்தியக் கடவுச்சீட்டோடு இவர்களைத் தலைமன்னாரில் கப்பல் ஏற்றியபோது கஜேந்திரனுக்கு ஒன்பது வயது, பூரணிக்கு ஒன்று. அவளைப் பெற்ற நாற்பதாம் நாள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு படம்கூடக் கிடையாது.

அம்மா இருந்த வீட்டைப் பற்றிப் பூரணிக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் சொன்னதுதான். நீலக் கதவு, வாசலில் கொய்யா மரம், மூன்று படி. சின்ன வயதில் அவள் அழும்போதெல்லாம் சொன்னவை. எதைப் பார்த்தார், எதை அவளுக்காகச் சேர்த்தார் என்பது இப்போது அவருக்கே தெரியாது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சண்முகவடிவு என்று பெயர். விசாரித்ததும் அவள் முகம் மாறியது.

"வீட்டுல உரிமை கேட்டு வந்தீங்களா? எங்களுக்கே இன்னும் உறுதிப் பத்திரம் தரலைங்க."

"இல்லம்மா, சும்மா பார்த்துட்டுப் போகத்தான்" என்றாள் பூரணி. "எங்கம்மா இங்க வேல செஞ்சவங்க. ஏழாம் நம்பர் லயம்."

"ஏழா? அது மேல் பிரிவுங்க. மண் சரியும்னு ஆளுங்கள எழுப்பிவிட்டு எட்டு வருஷமாச்சு. இடிஞ்சு கெடக்கு."

முக்கால் மணி நேர ஏற்றம். கஜேந்திரன் பாதையை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னால முடியாது பூரணி. நீ போய்ட்டு வா."

"நீங்க வராம எந்த வீடுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"போன்ல எடுத்துட்டு வா. பார்த்துச் சொல்றேன்."

பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்த சண்முகவடிவு மறுபடி செருப்பை மாட்டினாள். "வாங்கம்மா, நான் காட்டுறேன்."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சண்முகவடிவின் மகள் வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறியது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். மழையில் நனைந்து அவள் இடுப்பில் தொங்கிய படங்குச் சாக்குதான் வந்தது, முகம் வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துச் சேலையெல்லாம் சேறாகப் பூரணி வந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. போனை நீட்டினாள்.

வீடியோவில் கூரையில்லாத சுவர்கள். வரிசையாக ஆறு வாசல், கதவே இல்லை. உள்ளே புல். ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்று எடுத்திருந்தாள்.

"மரம் ஒண்ணும் இல்லண்ணே. படி மட்டும் எல்லா வீட்டுக்கும் மூணு இருக்கு."

அவர் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலாவது" என்றார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். உள்ள அந்த மூலையிலதான் அம்மா உன்னயப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கும்."

பூரணி போனை வாங்கி அந்தச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நான் ரெண்டாவது வீட்டுல உக்காந்து அழுதுட்டு வந்துட்டேன்ண்ணே."

"அதனால என்ன. ஒரே லயந்தானே" என்று சொல்லி, எழுந்திருக்க அவள் பக்கம் கையை நீட்டினார்.