ஐந்து பேர் எடை

"பழசை மனசுல வச்சுக்காம வந்தியே, பெரிய மனசுப்பா உனக்கு," என்றார் மிராசுதார் சாரங்கபாணி. ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எதையும் மறக்கவில்லை.

அவனுடைய அண்ணன் லியோ அந்த வீட்டு டிரைவர். வலங்கைமானுக்கு அருகே வாய்க்கால் வளைவில் மிராசுதாரின் பழைய சீமைக் கார் கவிழ்ந்துதான் செத்தான். வண்டியின் எடையைத் தாங்கும் பின்பக்கக் கமான் பட்டையில் விரிசல் இருப்பதை ஐயாவிடம் சொல்லிவிட்டதாக அன்று காலை தாயிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சாரங்கபாணி போலீஸிடமும் பங்குச் சாமியாரிடமும் சொன்னது வேறு: "பட்டை நல்ல பட்டை. பய குடிச்சிருந்தான்." ஊர் அதைத்தான் நம்பியது. தாய் இருதயம்மாள் கோயிலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். "என் புள்ள குடிக்கலைன்னு அந்த வாயாலயே வரணும்டா," என்பாள்.

குவைத்தில் பழைய கார்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பியிருந்த ஜெரால்டை, மகள் கல்யாணத்துக்காகச் சாரங்கபாணியே கூப்பிட்டனுப்பினார். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. பாட்டனார் வாங்கிய அந்தக் காரை ஜெரால்ட் சரிபண்ணி ஓட்ட, அதில்தான் பெண் மண்டபத்தில் போய் இறங்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சொகுசுக் கார்களில், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டுத்தான் பட்டைக் கட்டு செய்வார்கள். எடை சரியாக இருந்தால் வண்டி மிதக்கும், குறைந்தால் உதைக்கும். "அஞ்சு பேர்," என்றார் சாரங்கபாணி. ஜெரால்ட் புதுப் பட்டைகளைக் கட்டி, சீட்டில் நெல்மூட்டைகளை ஏற்றி, வண்டி மட்டமாக நிற்கும்வரை கழற்றிக் கழற்றி மாட்டினான். அந்த நாட்களில்தான், மாட்டுக்கொட்டகைப் பரணில் சாரங்கபாணி ஒளித்து வைத்திருந்த, விரிசல் விட்ட அந்தப் பழைய பட்டை அவன் கையில் கிடைத்தது.

கல்யாணத்தன்று மகள் ஜெயபாரதி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சொந்தபந்தம் சுற்றி நின்றது. அழைப்பின்பேரில் பங்குச் சாமியாரும் வந்திருந்தார்.

"ஐயா," என்றான் ஜெரால்ட், எல்லோருக்கும் கேட்கும்படி. "புதுப் பட்டை சரிப்படலைங்க. பரண்ல கிடந்த பழசையே மாட்டிட்டேன். நல்ல பட்டைன்னுதானே சொன்னீங்க?"

சாரங்கபாணியின் முகம் வெளுத்தது. "பாரதி, இறங்கு! அது விரிசல் விட்ட பட்டைம்மா!"

"குடிகாரன் ஓட்டித்தானே கவுந்துச்சு? நான் குடிக்கலைங்களே." ஜெரால்ட் இஞ்சினைக் கிளப்பினான்.

"டேய், நிறுத்துடா! லியோ அன்னிக்கே சொன்னான்டா. நான்தான் ஓட்டுடா பாத்துக்கலாம்னேன். அவன் குடிக்கலடா!"

மேளம் நின்றது. பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். ஜெயபாரதி இறங்கினாள். "செத்தவன் மேலயாப்பா பழி போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் பெண்கள் ஏறிய வேனில் போய் உட்கார்ந்தாள். கூட்டமும் அவள் பின்னாலேயே போனது.

"புதுப் பட்டைதாங்க போட்டிருக்கேன்," என்றான் ஜெரால்ட். "பழசு இந்தா, என் பக்கத்துல சாக்குல இருக்கு. ஏறுங்க, முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

வேறு வண்டி இல்லை. ஐந்து பேர் எடைக்குக் கட்டிய பட்டையின்மேல் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி அவரைத் தூக்கிக் கூரையில் மோதியது.

"மெதுவாப் போப்பா."

"பட்டை நல்ல பட்டைங்க."

செய்தி இந்நேரம் இருதயம்மாளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். வாய்க்கால் வளைவு வந்தபோது ஜெரால்ட் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.