மே மாதம்வரை ரெய்னோ

லோர்னா பன்களுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையில் அவளுக்கு இருபுறமும் நின்று கறி நறுக்கிய பெண்கள் யாரும் அவள் புருஷன் டேல் எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பது நன்றாகத் தெரியும்படி கேட்காமலிருந்தார்கள். மேலே ஆராதனை முடிந்து, டேலின் அப்பா ரெய்னோ பெட்டிக்குள் காத்துக்கொண்டிருந்தார்.

ரெய்னோ செத்தது நவம்பர் பதினாலு. மறுநாள் மான் வேட்டை தொடக்கம். எங்கள் ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. எழுபத்தொன்பது வருஷம் ஒழுங்காக வாழ்ந்த மனிதர் இப்படி ஒரு தேதியைப் பார்த்தா சாவது என்று எல்லோருக்கும் வருத்தம். பெட்டி தூக்க ஆறு ஆண்களைச் சேர்க்க ஆறு நாள் பிடித்தது. வந்தவர்களும் காட்டிலிருந்து நேராக, வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றாமல் வந்தார்கள். முழந்தாளிட்டபோது ஒருவர் பையில் தோட்டாக்கள் குலுங்கின.

அப்பன் சாவுக்கு வராதவனை ஊர் எப்படியோ மன்னித்துவிடும். வேட்டையின் முதல் நாளுக்கு வராதவன் ஜெயிலில்தான் இருக்க வேண்டும். எந்த ஜெயில், என்ன வழக்கு என்பதுவரை கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் முடிவாகியிருந்தது.

டேல் ஜெயிலில் இல்லை. கனடாவின் வடகோடியில் ஏதோ ஓர் ஏரிக்கரையில், ஒரு கோடரியும் ஒரு சட்டியும் கேமராக்களுமாகத் தனியாக இருந்தான். டிவி போட்டி. பத்துப் பேரைப் பத்து இடத்தில் இறக்கிவிடுவார்கள். கடைசிவரை தாக்குப்பிடிக்கிறவனுக்குப் பரிசு. அன்றைக்கு அறுபத்து மூன்றாவது நாள். விஷயம் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியலாம், மூச்சு விடக்கூடாது என்று லோர்னாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இன்னொரு காகிதமும் இருந்தது. வீட்டில் என்ன நடந்தால் போட்டிக்காரனுக்குச் சொல்லலாம் என்ற பட்டியல். 'மனைவி', 'குழந்தை' என்ற இடங்களில் 'சொல்லுங்கள்' என்று குறித்த டேல், 'அப்பா' என்ற இடத்தில் மட்டும் 'லோர்னாவைக் கேட்கவும்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அந்தப் புண்ணியவானுக்கு எப்போதும் அதுதான் வழக்கம்.

ரெய்னோவிடம் சொல்லாததற்குக் காரணம் அவர் வாய். அவரிடம் சொன்ன விஷயம் அரைமணி நேரத்தில் காபி மேஜைக்கு வந்துவிடும். மகள் மார்லிஸும் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

பதினாலாம் தேதி மதியம் ஆஸ்பத்திரியில், "டேல் மான் லைசென்ஸ் வாங்கிட்டானா?" என்று நாலாவது முறையாகக் கேட்டார் ரெய்னோ. லோர்னா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

ரெய்னோ தலையணையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "தனியாவா?"

"தனியாதான் மாமா."

"அவனுக்குச் சட்டியில தண்ணி வைக்கவே தெரியாதே." பிறகு தலையைத் தூக்கி, "என் பேன்ட் எங்கம்மா? கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

பேன்டைத் தரமுடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வாழ்க்கையிலேயே பெரிய செய்தி கைக்கு வந்த அன்று மனிதருக்கு அதைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இருட்டுவதற்குள் போய்விட்டார்.

கறியை நறுக்கி முடித்த மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு லோர்னாவிடம் வந்தாள். கல்லறைக்காரர் ஆர்வோ கேட்டனுப்பியிருந்தார். சனிக்கிழமைவரை மண் மண்வெட்டிக்கு வழிவிடும். அதற்குப் பிறகு உறைந்து இறுகிவிடும். டேல் ரெண்டு நாளில் வருவானென்றால் காத்திருக்கலாம், வரமாட்டானென்றால் இன்றைக்கே வெட்டிவிடலாம்.

"எந்த ஜெயிலா இருந்தாலும் அப்பன் சாவுன்னா விடுவாங்க லோர்னா," என்றாள் மார்லிஸ், குரலைத் தாழ்த்தி. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்த கத்திகள் நின்றன.

"பத்து நிமிஷம் குடு," என்றாள் லோர்னா.

பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு நாளாக அவள் தள்ளிப்போட்ட போன் அது. மறுமுனையில் பேசிய டிவி கம்பெனிப் பெண்ணுக்குச் சின்ன வயதுதான் இருக்கும். லோர்னா சரியென்றால் இன்று மாலையே ஹெலிகாப்டரில் ஆள் போய் டேலிடம் சொல்லிவிடும் என்றாள். இப்படிச் செய்தி கேட்டவர்கள் பெரும்பாலும் போட்டியை விட்டுக் கூடவே கிளம்பி வந்துவிடுவார்கள். இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்ல அனுமதியில்லை.

"சாப்பிடறாரா?"

"அதுவும் சொல்லக்கூடாது மேடம்."

லோர்னா போனை வைக்கவில்லை. அந்தப் பெண்ணும் வைக்கவில்லை.

"போன வாரம் உடம்ப சோதிக்க எங்க ஆளுங்க போனாங்க," என்றாள் கடைசியில். "அடுப்புக்குக் கல்லுல புகைபோக்கி கட்டியிருக்காரு. சாஞ்சிருக்கு. 'எங்கப்பாகிட்ட மட்டும் இத காட்டிடாதீங்க, வசந்த காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு'ன்னு சொன்னாராம்." பிறகு அவசரமாக, "நான் இத சொன்னதா யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள்.

லோர்னா பக்கத்திலிருந்த அங்கியின் கைமடிப்பை நீவிவிட்டாள்.

"அப்ப அவரு அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும், அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள்.

வெளியே வந்தபோது சமையலறையில் இருந்த கூட்டம் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. காபி ஊற்ற இத்தனை பேர் தேவைப்பட்டதில்லை.

"டேல் வரமாட்டாரு," என்றாள் லோர்னா. "இன்னிக்கு மண்ணு வெட்ட வேண்டாம். மே மாசம் வரைக்கும் மாமாவ கிடங்குல வைக்கச் சொல்லு. டேல் வந்து அடக்கம் பண்ணட்டும்."

குளிர்காலத்தில் சாகிறவர்களை மண் இளகும்வரை கல்லறைக் கிடங்கில் வைப்பது இங்கே புதிதில்லை. ஆனால் நல்ல மண் இருக்கும்போதே யாரும் வைத்ததில்லை.

"எங்கப்பாவ அங்க அடுக்கி வைக்கணுமா?" என்றாள் மார்லிஸ். "எங்க இருக்கான்னு வாயத் திறந்து சொல்ல முடியாத ஒருத்தனுக்காக?"

"ஆமா."

"எட்டு வருஷம் நீதான் பாத்துக்கிட்ட. அதுக்காக உன்ன ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன், நீ செய்யறது நல்லா இல்ல."

லோர்னா தலையாட்டினாள். ரெய்னோவின் பேப்பர்களில் எல்லாம் அவள் பெயர்தான் இருந்தது; முடிவு அவளுடையது. மார்லிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள், கல்லறைக்கு வரவில்லை. பெண்களில் வேறு யாரும் வரவில்லை. அன்றைக்கு மிஞ்சிய சாப்பாடு முழுவதும் மார்லிஸ் வீட்டுக்குப் போயிற்று.

கிடங்கு மலைச்சரிவுக்குள் வெட்டிய ஒரு கல் அறை. ஆரஞ்சுக் கோட்டுகள் பெட்டியை இரும்புச் சட்டத்தில் ஏற்றிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குத் திரும்ப அவசரப்பட்டன. பெட்டியின் தலைமாட்டில் ஆர்வோ ஒரு டேப்பை ஒட்டிப் பெயர் எழுதினார்.

"இந்த வருஷம் இவருதான் முதல் ஆளு," என்றார். "உள்ள தள்ளட்டுமா, கதவுப் பக்கம் இருக்கட்டுமா? கதவுப் பக்கம் இருக்கறவங்கதான் மே மாசம் முதல்ல வெளிய வருவாங்க."

"கதவுப் பக்கம்," என்றாள் லோர்னா.

பெட்டி சட்டத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. ஆர்வோ ஒரு முனையையும் அவள் மறுமுனையையும் பிடித்து நகர்த்தினார்கள்.

ஆர்வோ கதவை இழுத்துப் பூட்டினார். பூட்டு உறைந்துபோகாமலிருக்க அதன்மேல் ஒரு காலி ரொட்டிப் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார். லோர்னா காரில் ஏறி, கண்ணாடியில் படிந்திருந்த பனி இளகும்வரை இன்ஜினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.